தைக்கும் முன் கேளுங்கள்: கைவேலைக் கேள்வி – பதில்

இந்த மாதம் கைவேலைப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கையால் செய்த பொருள்களை மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் பள்ளியிலும் இருப்பவர்களுக்குக் கொடுப்பது பற்றியவை. ஆகவே கோலம், குரோஷா மாதிரிகள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

வாசகி, கானாடுகாத்தான்: ஆச்சி, எங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய பதினொரு பெண்கள் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு வளவில் கூடுகிறோம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இரண்டு தையல் மெஷின்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஏதாவது ஒரு கைவேலை தெரியும். இல்லாதவர்களுக்குப் பயன்படும்படி எதையாவது செய்து கொடுக்க நினைக்கிறோம். எதில் தொடங்குவது?

மெஷினைத் திறப்பதற்கு முன்னால் உங்களில் இரண்டு பேர், நீங்கள் கொடுக்க நினைக்கும் இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்பதுதான் என் முதல் விடை. நம் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது சம்பந்தி வீட்டில் எது இருக்கிறது, எது இல்லை, எந்த அளவில் வேண்டும் என்று விசாரித்து, பட்டியல் எழுதி, அதன்பிறகே கடைக்குப் போகிறோம். முன்பின் தெரியாத ஓர் ஏழைத் தாய்க்குக் கொடுக்கும்போது மட்டும் அந்த விசாரிப்பு ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை. கையில் இருப்பதைச் செய்கிறோம், செய்ததைக் கொடுக்கிறோம், வாங்கிக்கொள்பவர் மறுக்க முடியாத நிலையில் இருப்பதால் அது பயன்பட்டது என்று நம்பிவிடுகிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரை ஊர்களில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தவையும், துவைக்காதவையும், மீனவக் குடும்பங்கள் உடுத்தும் வழக்கமே இல்லாத உடைகளும் அதில் கலந்திருந்ததால், சாலையோரங்களில் துணி மலைபோலக் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. வீடிழந்து நின்றவர்களுக்கு அதைக் காண்பதே இன்னொரு அவமானமாக இருந்திருக்கும். கூஞ்ச் என்ற அமைப்பு அந்தத் துணியைப் பெற்றுத் தரம் பிரித்து, உடுத்த ஆகாதவற்றை வேறு பொருள்களாக மாற்றும் வேலையில் இறங்கியது. அதை நிறுவிய அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. அதே சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் வேறொரு வழியைக் கண்டது. மீனவப் பெண்களுக்கே வெட்டுத்துணியில் சுண்டுவிரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்தார்கள். சுனாமிகா என்ற அந்தப் பொம்மை விற்கப்படவில்லை. அன்பளிப்பாகவே கைமாறியது, விரும்பியவர்கள் கொடுத்த நன்கொடையில் வேலை தொடர்ந்தது. பொருளைக் கொண்டுபோய்க் குவித்ததைவிட, துயரத்தில் இருந்த கைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தது அங்கே ஆறுதலாக இருந்தது என்பதை உங்கள் குழு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனை என்றால் முதலில் தலைமை மருத்துவ அலுவலரிடம் அனுமதி வாங்குங்கள். ஆனால் என்ன வேண்டும் என்ற கேள்வியை வார்டில் நிற்கும் செவிலியரிடமும், துணி துவைக்கும் பணியாளரிடமும் கேளுங்கள். எது அடிக்கடி தீர்ந்துபோகிறது, எது துவைத்துத் துவைத்து நைந்துபோகிறது, நோயாளி வீட்டார் எதைத் தேடி வெளியே கடைக்கு ஓடுகிறார்கள் என்று கேட்டால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். அரசு ஏற்கெனவே என்ன கொடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் கொடுக்கும் திட்டம் 2015-இல் தொடங்கியது. அந்தப் பெட்டிக்குள் இருப்பதையே நீங்களும் தைத்துக்கொண்டு போவதில் பயனில்லை. என்ன செய்வது என்று முடிவானதும் ஒன்றே ஒன்று மட்டும் செய்து கொடுங்கள். ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து, பத்து முறை துவைத்த பிறகு அது எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அதன்பின் இருபது செய்யுங்கள்.

வாசகி, தேவகோட்டை: குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்கலாம் என்று என் மருமகள் சொல்கிறாள். நம் ஊர் வெயிலில் குழந்தைக்குத் தொப்பி எதற்கு? கொடுப்பதாக இருந்தால் எந்த நூலில், எந்த அளவில் பின்னுவது?

வெயில் ஊரில் தொப்பி எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. பிறந்த குழந்தையின் தலை, அதன் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. உடம்பைப் பார்க்கத் தலை அவ்வளவு பெரியது என்பதால் அதன் வழியாக வெப்பம் விரைவில் வெளியேறிவிடுகிறது. 37 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. நமக்குப் புழுக்கமாகத் தோன்றும் அறையிலும் அதன் உடம்பு குளிர்ந்துபோகும். பச்சைக் குழந்தையின் உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்பது கணக்கு. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று நம் மருத்துவமனைகளிலும் அது நடக்கிறது. எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளொன்றில் 8 முதல் 24 மணி நேரம் வரை அதைச் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்போது குழந்தையின் உடம்பில் இருப்பவை இடுப்புத் துணி, காலுறை, தொப்பி ஆகிய மூன்றுதான். உங்கள் மருமகள் சொல்லும் தொப்பிக்கு இடம் அங்கே இருக்கிறது.

இனி நூலைப் பற்றிச் சொல்கிறேன். நான் செய்த பிழையையும் சொல்லிவிடுவது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன்னால் நானும் என் நாத்தனாரும் ஒரு கோடைக்காலம் முழுவதும் உட்கார்ந்து நாற்பது தொப்பிகள் பின்னினோம். ரோஜா நிறமும் இளநீலமுமாக உல்லன் நூல் வாங்கி, கொட்டான் என்ற நம் பனையோலைக் கூடை மேல் வைப்பதுபோல விளிம்பில் சின்னச் சின்ன மணிகள் கோத்து, தாடைக்குக் கீழே முடிந்துகொள்ள நாடாவும் வைத்தோம். மூத்த செவிலியர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையுடன் பையிலேயே திரும்ப வைத்துவிட்டார். மணி கழன்றால் குழந்தையின் வாய்க்குள் போகும், நாடா கழுத்தை இறுக்கும், பூப்பின்னலின் ஓட்டையில் விரல் மாட்டும், இந்த நூல் கொதிநீரில் துவைத்தால் சுருங்கி உருமாறிவிடும் என்று அவர் சொன்ன நான்கு காரணங்களும் எங்கள் நாற்பது தொப்பிகளுக்கும் பொருந்தின. அன்று வீடு திரும்பும் வழியில் எங்கள் இருவருக்கும் பேச்சே எழவில்லை. அந்த அம்மையாரிடம் ஒருமுறை முன்னால் கேட்டிருந்தால் ஒரு கோடைக்காலத்து உழைப்பும் குழந்தைகளுக்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

ஆகவே பின்னுவதைவிடத் தைப்பது நல்லது என்பதே என் கருத்து. திருப்பூரிலிருந்து வரும் மெல்லிய, கலப்பில்லாத பருத்திப் பனியன் துணியை வாங்கி, வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை வெந்நீரில் அலசி உலர்த்திவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். துணி எந்தப் பக்கம் இழுத்தால் நெகிழ்கிறதோ அந்தப் பக்கம் தலையைச் சுற்றி வரும்படி வெட்ட வேண்டும். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 29, 28 வாரத்தில் பிறந்ததற்கு ஏறத்தாழ 26 என்று கொள்ளலாம். தொப்பியின் சுற்றளவு தலையைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் குறைவாக இருந்தால் நழுவாமலும் இறுக்காமலும் உட்காரும். உயரம் 12 சென்டிமீட்டர் வைத்து, அதற்குமேல் விளிம்பை மடித்துவிட ஒரு விரற்கடை கூடுதலாக விட்டால் கண்ணை மறைக்காமல் ஏற்றிக்கொள்ளலாம். தையலின் தும்பு, அதாவது தையலுக்கு அப்பால் மிஞ்சும் துணி ஓரம், வெளிப்பக்கம் வர வேண்டும். பார்க்க அழகு குறைந்தாலும் அந்தத் தோலில் ஒரு நூல்முனைகூட உறுத்தாது. காலுறையோ கையுறையோ தைப்பவர்கள் உட்பக்கத்தைத் திருப்பி, தொங்கும் நூல் ஒவ்வொன்றையும் கத்தரித்துவிட வேண்டும். ஒரு முடியளவு நூல் பிஞ்சு விரலைச் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும்.

வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் காயவைத்து, தேய்த்து, அளவு எழுதிய சுத்தமான பைகளில் போட்டுக் கொடுங்கள். குழந்தை வீட்டுக்குப் போன பிறகு தூங்கும்போது தொப்பி போட வேண்டாம், சூடு அதிகமாகிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த ஒரு வரியைச் செவிலியரின் ஒப்புதலுடன் தமிழில் எழுதிப் பையோடு வைத்தால் தாய்க்கு உதவியாக இருக்கும்.

வாசகர், நாச்சியாபுரம்: படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்குப் புண் வராமல் இருக்க, நடுவில் ஓட்டை வைத்த வட்டத் தலையணை தைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். அந்த வட்டம் நடுவில் அழுத்தத்தைக் குறைத்தாலும், அதன் விளிம்பு பதியும் இடத்தில் அழுத்தத்தைக் கூட்டி இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்பதால் படுக்கைப்புண் பராமரிப்பில் இப்போது அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அவர்களைக் காப்பது, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பதும், ஈரமில்லாத, சுருக்கமில்லாத விரிப்பும்தான். பழைய பருத்திப் புடவைகளை நான்கு மடிப்பாக வைத்து ஓட்டுத்தையல் போட்டு, நம் அப்பத்தாமார்கள் தைத்த விரிப்பைப் போலச் செய்து கொடுங்கள். புடவை பழையதாக இருப்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் இரு கைகளாலும் பிடித்து இழுத்தால் கிழியாத அளவுக்கு உரம் இருக்க வேண்டும். சரிகைப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

வாசகி, புதுவயல்: எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் தையல் நேராக வரவில்லை. அன்போடு செய்கிறார்கள். அவர்கள் செய்வதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாமா? சொன்னால் மனம் நோகுமே என்று தயங்குகிறேன்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. 1924-இல் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மாநாடு, உறுப்பினராக இருப்பவர் மாதம் 2,000 கெஜம் கைந்நூல் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. நாட்டின் ஏழைகளோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும் வேள்வியாகவே காந்தியடிகள் அந்த நூற்பைக் கருதினார். அப்படிக் கருதியவர்தான், நூல் சீராகவும் முறுக்கோடும் இருக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். முறுக்கில்லாத நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்கும், அந்த இழப்பு நெசவாளியின் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். 1927-இல் கதருக்காக அவர் நம் செட்டிநாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பேசியதைச் சின்ன வயதில் கண்ட பெரியவர்கள் பலர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ராட்டையைப் பட்டாலைத் திண்ணையிலிருந்து இறக்காமல் வைத்திருந்தார்கள்.

கோணல் தையலோடு வரும் பையின் கைப்பிடி சந்தையில் பாதி வழியில் அறுந்தால், கொடுத்தவருடைய அன்பு அங்கே உதவிக்கு வராது. அந்த இருவருக்கும் வேறு பொறுப்பைக் கொடுங்கள். துணியை அலசிக் காயவைப்பது, அளவெடுத்துக் கோடு போடுவது, நூல்முனை வெட்டுவது, முடிந்த பொருளைத் தையல் தையலாக இழுத்துப் பார்த்து, தேறாததை ஒதுக்குவது ஆகியவை தைப்பதைவிடச் சின்ன வேலைகள் அல்ல. எங்கள் குழுவில் கடைசிச் சோதனையைச் செய்கிறவர் ஊசியே பிடிக்காதவர். அவர் தள்ளிவிட்டால் மறுபேச்சு இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரி மாணவி, காரைக்குடி: நம் ஊரின் அடையாளம் கொட்டான். நாங்கள் ஒரு வகுப்பாகச் சேர்ந்து கொட்டான் பின்னக் கற்றுக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பின்னி விற்று, அந்தப் பணத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று திட்டமிடுகிறோம். உங்கள் கருத்து என்ன?

உங்கள் எண்ணத்தை வாழ்த்துகிறேன்; திட்டத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். பனங்குருத்தோலையைக் காயவைத்து, கிழித்து, சாயம் காய்ச்சி ஏற்றி, பின்னுவதற்கு முன் ஈரப்படுத்திப் பதமாக்கிச் செய்யும் இந்த வேலை, ஒரு காலத்தில் வலையப்பட்டியிலும் பள்ளத்தூரிலும் ஆச்சிமார்கள் தங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தாங்களே செய்துகொண்டது. கல்யாணத்தில் பலகாரமும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுத்த கொட்டானுக்கு மணி கோத்து, குரோஷா உறை போட்டு அழகு பார்த்தார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கானாடுகாத்தானில் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து மீட்டெடுத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று அந்தப் பெண்களுக்கு அது கஞ்சி வார்க்கும் தொழில்.

வீட்டுச் செலவைப் பற்றிக் கவலையில்லாத நாற்பது மாணவிகள் பொழுதுபோக்காகப் பின்னி, தொண்டு என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்றால், அந்தத் தொழிலை நம்பியிருக்கும் பெண்ணின் கொட்டான் விலைபோகாமல் திண்ணையில் கிடக்கும். அப்படி ஒரு நிலை நம்மால் வரக் கூடாது. பின்னக் கற்றுக்கொள்ளுங்கள், கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஓர் ஓலை எவ்வளவு நேரம் கேட்கிறது என்று தெரிந்தால், அதன் விலையில் பேரம் பேச உங்களுக்கு மனம் வராது. விற்பதற்கு வேண்டியதை அந்தப் பெண்களிடமே அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். உங்கள் பங்காக, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெய்யும் தறிகளில் மிஞ்சும் துண்டுத் துணியை விலைக்கு வாங்கி, கொட்டானுக்குள் வைக்கும் உறையைத் தைத்துச் சேருங்கள். உறைக்கு வரும் லாபத்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தால், இரண்டு பக்கமும் யாருக்கும் இழப்பில்லை. இல்லத்துக்குப் பணத்தோடு எதையாவது கையால் செய்து கொடுக்க விரும்பினால், காலை, மதியம், இரவு என்று மூன்று அறை வைத்த மாத்திரைப் பை தையுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிபவர்களுக்காகச் சூரியன், சோற்றுக் கிண்ணம், பிறை ஆகியவற்றைத் தடித்த நூலில் ஒவ்வொரு அறையிலும் தைத்துவிட்டால் தடவிப் பார்த்தே அறிந்துகொள்வார்கள்.

வாசகி, பள்ளத்தூர்: என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை நடந்து, இப்போது கீமோ சிகிச்சை நடக்கிறது. அவளோடு இருந்தபோதுதான் மற்றப் பெண்களின் சிரமத்தையும் பார்த்தேன். அவர்களுக்காக எதைத் தைக்கலாம்?

உங்கள் தங்கை விரைவில் நலம் பெற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நம் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல் உழைத்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்து மற்றவர்களையும் எண்ணிய உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

அறுவைக்குப் பிறகு சில நாள்கள், காயத்தில் ஊறும் நீர் வடிவதற்காக ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு சிறு புட்டியும் உடம்போடு இருக்கும். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெண்கள் புடவை முந்தானையில் முடிந்துகொண்டும் கையில் பிடித்துக்கொண்டும் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னத் துணிப்பை அந்தக் கையை விடுவித்துவிடும். வார் அகலமாக, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி இருக்கட்டும். வெளியே பார்ப்பவர்களுக்குப் புட்டி தெரியாதபடி அழுத்தமான நிறத்தில் தையுங்கள். கோவிலுக்கும் கடைக்கும் போக அவர்களுக்குத் தயக்கம் குறையும். அக்குளில் வைத்துக்கொள்ளும் இதய வடிவத் தலையணையும் பலருக்கு இதமாக இருக்கிறது. அறுவை நடந்த பக்கத்துக் கை உடம்பில் உரசாமல் அது தாங்கிக்கொள்ளும். வீட்டில் இருக்கிறதே என்று இலவம் பஞ்சை அடைக்க வேண்டாம். அதைத் துவைக்க முடியாது, கட்டியும் தட்டிவிடும். துவைக்கக்கூடிய பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக அடைத்து, உறையைத் தனியாகக் கழற்றும்படி செய்யுங்கள்.

கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் முடி உதிரத் தொடங்கும். தலைத்தோல் தொட்டாலே கூசும். அவர்களுக்கான தொப்பிக்கும் மெல்லிய பருத்திப் பனியன் துணியே ஏற்றது. பெண்களுக்கு 54 முதல் 56 சென்டிமீட்டர் சுற்றளவு பெரும்பாலும் சரியாக இருக்கும். இங்கேயும் தையல் தும்பு வெளிப்பக்கம்தான். மேலே ஒரு பூவோ சரிகையோ வைக்கலாமா என்பதை உங்கள் தங்கையிடமே கேளுங்கள். சிலருக்கு அது மகிழ்ச்சியைத் தரும், சிலர் எவர் கண்ணிலும் படாத ஒரு கறுப்புத் துணியைத்தான் விரும்புவார்கள். இரண்டு வகையும் தைத்து ஒரு கூடையில் வைத்து, அவர்களே தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிடுவது நல்லது. எதையும் தாமாகத் தேர்ந்தெடுக்க இயலாத நாள்கள் அவை என்பதால், அந்தச் சிறு உரிமைகூடப் பெரிதாக இருக்கும்.

வாசகர், கண்டனூர்: நாங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைகள் தைத்துக் கொடுத்தோம். வாங்கிய பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். நன்றிக் கடிதம்கூட வரவில்லை. துணி வாங்கப் பணம் கொடுத்தவர்கள் படம் கேட்கிறார்கள். என்ன செய்வது?

அந்தத் தலைமை ஆசிரியர் செய்தது சரி. ஏழு வயதில் கையில் ஒரு பையோடு வரிசையில் நின்று எடுக்கப்பட்ட படம், அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயதில் வேலைக்குப் போகும்போதும் எங்கோ ஒரு கைப்பேசியில் இருக்கும். பணம் கொடுத்தவர்களுக்குப் பைகளை அடுக்கிவைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை கெஜம் துணி வாங்கினோம், என்ன விலை, எத்தனை பைகள் ஆயின, எங்கே கொடுத்தோம் என்று ஒரு தாளில் கணக்கு எழுதி அதோடு வையுங்கள். பேரேடு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. கணக்குச் சுத்தமாக இருந்தால் நம் ஆள்கள் படம் கேட்க மாட்டார்கள்.

நன்றிக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். கல்யாண வீட்டில் எழுதும் மொய் திரும்பி வர வேண்டியது. அதனால்தான் அதை நோட்டில் எழுதிவைக்கிறோம். நீங்கள் தைத்துக் கொடுத்த பையை அந்த நோட்டில் ஏற்றாதீர்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் போய், எந்தப் பையில் எந்த இடம் முதலில் கிழிந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் வார் சேரும் மூலையில்தான் கிழிந்திருக்கும். அந்த இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்குத் தையலும் போட்டால் இன்னும் ஓராண்டு தாங்கும்.

ஓய்வு பெற்ற தச்சர், ஆத்தங்குடி: எனக்கு ஊசி வேலை தெரியாது, மர வேலை தெரியும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைத்த தேக்குத் துண்டுகள் நிறைய இருக்கின்றன. நானும் ஏதாவது செய்யலாமா அம்மா?

கட்டாயம் செய்யுங்கள் ஐயா, உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். தரையில் உட்கார்ந்து எழுதும் பிள்ளைகளுக்கு மடியில் வைத்துக்கொள்ளும் சாய்வுப் பலகை செய்து கொடுத்தால் முதுகும் கழுத்தும் வளையாமல் எழுதுவார்கள். அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த மேசைப்பெட்டியின் மூடியைப் போல மெல்லிய சரிவு போதும். பழைய மரத்தில் ஆணி முறிந்து உள்ளே இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பெயின்ட் ஒட்டிய துண்டுகளை மட்டும் பிள்ளைகளுக்கான வேலைக்கு எடுக்காதீர்கள்; முற்காலத்துப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும், சுரண்டும்போது பறக்கும் தூள் உங்களுக்கும் கெடுதல். ஓரங்களை உப்புத்தாளில் நன்றாக உருட்டிவிட்டு, முதல் பலகையை ஒரு பிள்ளையின் மடியில் வைத்து எழுதச் சொல்லிப் பாருங்கள். உயரம் கூடுதலா குறைவா என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும். அளவு சரியானதும் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் படத்தோடு வெளியிட ஆசிரியரிடம் கேட்கிறேன்.